ஒயர் கூடையில் வந்த கிறிஸ்துமஸ் மரம்

கையில் ஒரு சிவப்புக் கண்ணாடிப் பந்து. மூன்றாவது வரிசைக் கிளையில் மாட்டுவதற்காக அதன் கொக்கியை வளைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நான் பெற்ற மகன் என்னைத் திருடி என்று சொன்னான்.

சண்டையில் சொல்லவில்லை. சண்டையில் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி அங்கேயே முடித்திருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னான். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால், எனக்குப் பொன்னாடை போர்த்துகிற மாதிரி சொன்னான்.

போன டிசம்பரில் நடந்தது இது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பரணிலிருந்து மரத்தை இறக்கி, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து ஹாலில் நிறுத்தியிருந்தேன். என் வீட்டுக்காரர் சூசை நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் செட்டின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மருமகள் ரீட்டா அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அச்சைத் தட்டுகிற சத்தமும், தேங்காய்ப்பால் மாவு எண்ணெயில் வேகிற வாசனையும் ஹால் வரைக்கும் வந்தன.

மகன் ஜெரோமுக்கு மைசூர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவனோடு வேலை பார்க்கிற நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் என் மரத்தின் கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது எங்க வாங்கினீங்க? கடையில இந்த மாதிரி பார்த்ததே இல்லையே" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெரோம் முந்திக்கொண்டான். "வாங்கினதா? இது எங்கம்மா திருடின மரம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

"எங்கம்மா அப்போ ஒரு பிரஷ் ஃபேக்டரியில வேலை. தினம் கொஞ்சம் கொஞ்சமா நைலானைச் சேலைக்குள்ள மறைச்சுக் கொண்டுவந்து இதைச் செஞ்சாங்க. ஒருநாள் கேட்ல மாட்டிக்கிட்டாங்க. வேலை போச்சு. அப்புறந்தான் சொந்தக் கம்பெனி. எப்படி எங்கம்மா?"

"ஆன்ட்டி, நீங்க செம கேடி!" என்று அந்தப் பெண் கைதட்டினாள். இன்னொருவன் மரத்தோடு சேர்த்து என்னைப் படம் பிடித்தான். "அத்தனை நாள் செக்யூரிட்டி கண்டுபிடிக்கலையா ஆன்ட்டி?" என்று ஒரு கேள்வி வேறு.

பந்து பிடித்திருந்த கையை இறக்கினேன். "இந்தக் கதையை உனக்கு யாருடா சொன்னது?"

"அப்பாதாம்மா. சின்ன வயசுல எத்தனை தடவை சொல்லியிருக்காரு!"

நான் சூசையைப் பார்த்தேன். அவர் சீரியல் செட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்கு

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இன்றைக்குத்தான் புத்தகத்தைப் பிரித்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பேர் வியாகுலமேரி. ஊர் மார்டள்ளி, கர்நாடகத்துக்குள் இருக்கிற தமிழ்க் கிராமம். கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோது எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. இன்றைக்கு ஹெப்பாளில் சொந்தமாக பிரஷ் கம்பெனி வைத்திருக்கிறேன். குழந்தையின் பால் பாட்டிலிலிருந்து ஆஸ்பத்திரி டெஸ்ட் டியூப் வரை, உள்ளே கைவிட முடியாத எந்தச் சாமானையும் இந்த ஊரில் கழுவுவது என் பிரஷ்தான். பெருமை பேசுகிறாள் என்பார்கள். பேசுவேன். என்னைப் பற்றிப் பேச எனக்கு யாரும் ஆள் வைத்துக் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் சொன்ன கணக்குப்படி பார்த்தால், என் கம்பெனி, இந்த மாடி வீடு, அவன் படித்த படிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு திருட்டு இருக்கிறது. ஏனென்றால் அந்த மரத்திலிருந்துதான் எல்லாமே ஆரம்பித்தது.

அதனால் நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முதலாளி வீட்டில் பார்த்தது

அப்போது நான் வேலை பார்த்த பிரஷ் ஃபேக்டரி இப்போது இல்லை. இடித்துவிட்டு ஏதோ குடோன் கட்டியிருக்கிறார்கள். பாட்டில் பிரஷ் செய்வது ரொம்பச் சுலபமான வேலை, ரொம்பக் கஷ்டமான வேலை. கம்பியை இரண்டாக மடித்து, நடுவில் நைலான் நாரைப் படுக்க வைத்து, ஒரு முனையைப் பிடித்து இன்னொரு முனையை முறுக்க வேண்டும். கம்பி முறுக்கிக்கொள்ளும்போது நார் எல்லாம் கோபம் வந்த பூனையின் வால் மாதிரி சுற்றிலும் விறைத்து நிற்கும். அவ்வளவுதான். ஆனால் நாரைப் பரப்புகிற விரலில் கணக்கு இருக்க வேண்டும். எனக்கு இருந்தது. ஒரு நாளில் நான் முறுக்குகிற பிரஷ்ஷை மற்றவர்கள் ஒன்றரை நாளில்தான் முடிப்பார்கள்.

ஒரு டிசம்பரில் முதலாளி வீட்டில் ஏதோ விருந்து. வீடு துடைக்க ஃபேக்டரியிலிருந்து எங்கள் மூன்று பேரை அனுப்பினார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் வெளிநாட்டில் படிக்கிற மகன் கொண்டுவந்தானாம், ஹால் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம்.

நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மார்டள்ளியில் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் குடிலும், மூங்கில் கழியில் கட்டின காகித நட்சத்திரமும்தான். மைசூருக்கு வந்த பிறகு சிலர் சவுக்குக் கிளையை வெட்டி பக்கெட் மண்ணில் நட்டு வைப்பதைப் பார்த்திருந்தேன். புத்தாண்டுக்குள் அது காய்ந்து வீடெல்லாம் கொட்டும்.

இந்த மரத்தில் எதுவுமே கொட்டவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். கிளையின் நடுவில் கம்பி. இரட்டைக் கம்பி. முறுக்கின கம்பி. சுற்றிலும் பச்சை நார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற இந்த மரம் என்னவென்றால், பாட்டில் பிரஷ்! பெரிய பாட்டில் பிரஷ்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். முறுக்கும் சரியில்லை. நான் முறுக்கினால் இதைவிட இறுக்கமாக இருக்கும்.

விரலை வைத்து ஒரு கிளையைத் திருகிப் பார்த்தேன். "முட்டபேடா!" என்று முதலாளியம்மா ஒரு சத்தம் போட்டார். தொடாதே என்று அர்த்தம். தீட்டுப் பட்டது போலத் தன் முந்தானையால் அந்தக் கிளையைத் துடைத்தார்.

அந்த நிமிஷம் முடிவு பண்ணினேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் மரம் நிற்கும்.

சிவப்பு நூல்

எங்கள் சூப்பர்வைசர் பெயர் மாதப்பன். எங்கள் ஊருக்குக் கிட்டே ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். ஃபேக்டரியில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் ரெண்டு மூன்று பேர்தான் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு ஒட்டுதல். மாதப்பண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தச் சமயம் பச்சை நாரில் ஒரு லாட் சாயம் கெட்டுப்போய் வந்திருந்தது. கேட்டது கிளிப்பச்சை, வந்தது அடர்பச்சை. ரிஜெக்ட். எங்கள் ஃபேக்டரியில் நல்ல சரக்கை வெள்ளை நூலால் கட்டுவோம். ரிஜெக்ட் ஆனதைச் சிவப்பு நூலால் கட்டி, சனிக்கிழமை சாயங்காலம் பின்பக்கம் போட்டுக் கொளுத்துவார்கள். அந்தப் புகை நாற்றம் ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட என் தலைமுடியில் இருக்கும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். சிவப்பு நூல் கண்டு தொழிலாளிகள் கைக்கு வராது. வந்தால் நல்ல சரக்குக்கே சிவப்பைக் கட்டி, எரிக்கிற சரக்கு என்று சொல்லி வெளியே கொண்டுபோய்விடுவார்கள் என்று, அதைச் சூப்பர்வைசர் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருப்பார்கள். கட்டுவதும் அவர்தான்.

நான் மாதப்பண்ணனிடம் போய்க் கேட்டேன். "அண்ணா, எரிக்கறதுல நாலு கட்டு எனக்குக் குடுங்க. கிறிஸ்துமஸ் மரம் செய்யப்போறேன்."

"இதுலயா? மரமா?" என்று சிரித்தார். "எரிக்கறதுதானுங் அம்மிணி. எடுத்துட்டுப் போ. செஞ்சு முடிச்சுட்டு எனக்கொரு தடவை காட்டோணும், ஆமா."

அவரே டிராயரைத் திறந்து, நாலு கட்டையும் கட்டிக் கொடுத்தார். ஏழு சுற்று, இரண்டு முடிச்சு. அவர் கட்டு அப்படித்தான்.

கேட்

அந்த நாலு கட்டையும் நான் சேலைக்குள் மறைக்கவில்லை. ஒயர் கூடையில் வைத்தேன். ஒயர் கூடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பின்னலெல்லாம் ஓட்டை ஓட்டையாக. நெல்லிக்காயை வைத்தால்கூடத் தெருவில் போகிறவனுக்குத் தெரியும். திருடுகிறவள் அதிலா வைப்பாள்? சோற்று டப்பாவுக்கு மேலே பச்சை நார் முளைக்கீரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

கேட்டில் வாட்ச்மேன் தினமும் பை பார்ப்பான். பார்த்தான். "ஏனிது?" என்றான், இது என்ன என்று கன்னடத்தில். சொன்னேன். அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் உள்ளேயிருந்து வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"மாதப்பண்ணன் குடுத்தாரு சார். ரிஜெக்ட் சார். சிவப்பு நூல் பாருங்க" என்றேன்.

மாதப்பண்ணனைக் கூப்பிட்டார்கள். ஷிப்ட் விட்ட நேரம். எனக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர் வந்தார். காருக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். என் கூடையைப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நனகே கொத்தில்லா சார்."

எனக்குத் தெரியாது என்று கன்னடத்தில் சொன்னார். தமிழில்கூடச் சொல்லவில்லை. என்னோடு பேசுகிற பாஷையில் பொய் சொல்ல வாய் வரவில்லையோ என்னவோ. ஆனால் நல்ல சத்தமாகச் சொன்னார். வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"அப்படின்னா நூலையும் சேர்த்துத் திருடியிருக்கா" என்றார் முதலாளி. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வாட்ச்மேன் கூடையைக் கவிழ்த்தான். சோற்று டப்பா உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து நாலு கட்டையும் பொறுக்கிக் கூடையில் வைத்துக்கொண்டேன். "பாரேன், மாட்டின பிறகும் எடுத்துக்கிட்டுப் போறா" என்று யாரோ சொன்னார்கள். திருடியிருந்தால் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். எனக்குக் கொடுத்தது, என்னுடையது. ஏன் விட வேண்டும்? ஒரு நார் விடாமல் பொறுக்கினேன்.

பின்பக்கத்தில் ஒரு ஓட்டை

வீட்டில் சூசையிடம் நடந்ததைச் சொன்னேன். சூசை அப்போது பெயின்டர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறதே: "குடுத்தாங்களோ, எடுத்தியோ, போவட்டும் விடு வியாகுலம். மரம் செய்."

குடுத்தாங்களோ, எடுத்தியோ! ஆறுதல் சொன்னாராம்.

வேலை போன கோபத்திலேயே செய்தேன். வாசல் நிலையில் ஒரு ஆணி. கடையில் வாங்கின கம்பியை மடித்து ஆணியில் மாட்டி, நான் நாரைப் பரப்ப, சூசை மறுமுனையில் கொக்கி போட்டு முறுக்கினார். முதல் மூன்று கிளையை ஒரு முறை வலமும் ஒரு முறை இடமுமாக அவர் திருப்பியதில், நார் முழுக்க அவர் மடியில் கொட்டியது. நாலாவதில் கை வந்தது. துடைப்பக் கழியில் ஓட்டை போட்டுக் கிளைகளைச் சொருகினோம். காலி பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி அதில் கழியை நட்டோம். மூன்று கட்டு தீர்ந்தது. நாலாவதிலிருந்து நூலை அவிழ்க்காமல் உருவினதில் பாதி மிஞ்சியது. அதை அப்படியே, மாதப்பண்ணன் கட்டின கட்டோடு உச்சியில் கொண்டை மாதிரி சொருகிவிட்டேன். நட்சத்திரம் அதன் மேல்தான் நிற்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தெருவே வந்து பார்த்தது. பந்து வாங்க வழியில்லை. சாக்லேட் காகிதம், தீர்ந்துபோன நூல் கண்டு, ஜிகினா, சூசை வெள்ளியடித்த முட்டை ஓடு என்று தொங்கவிட்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் சோடா ஃபேக்டரி வைத்திருந்தவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, இதுல ஒரு கிளை குடேன். என் பாட்டில் கழுவ இந்த மாதிரி ஒண்ணுகூடக் கிடைக்கலை" என்றார்.

பின்பக்கத்திலிருந்து ஒரு கிளையைப் பிடுங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்து, இந்த மாதிரி இன்னும் வேண்டும் என்றார். என் கம்பெனி அங்கே ஆரம்பித்தது. பிடுங்கின இடத்தில் நான் மறுபடி கிளை வைக்கவே இல்லை. எத்தனை ஆயிரம் பிரஷ் செய்தவள், ஒரு கிளை செய்ய முடியாதா? வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த ஓட்டை சுவரைப் பார்க்கிற மாதிரி மரத்தைத் திருப்பி வைப்போம், அவ்வளவுதான்.

மொட்டை மரம்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

விருந்தாளிகள் போகிற வரை நான் பேசவில்லை. அவர்கள் போனதும், மாட்டியிருந்த பந்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஜிகினாவை உருவினேன். என் கையில் இருந்த சிவப்புப் பந்தை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"என்னம்மா பண்றே?" என்றான் ஜெரோம்.

"திருட்டு மரத்துக்கு என்னடா அலங்காரம்? மொட்டையா நிக்கட்டும்."

"அய்யோ, ஜோக்குமா அது."

"சிரிக்கறதுக்கு என் பேருதான் கிடைச்சுதா உனக்கு?"

"சரிம்மா, நீ எடுத்திருந்தாத்தான் என்ன? அந்தக் காலத்துல கஷ்டம். எனக்கு அதுல பெருமைதாம்மா."

திருடி என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் செய்யாத தப்பை மன்னித்து, அதற்குப் பெருமை வேறு படுகிறான்! நடந்ததை முழுக்கச் சொன்னேன். ஒயர் கூடை வரைக்கும் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டான். அந்த 'சரிம்மா' எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு வயசாகிவிட்டது, விட்டுப் பிடிப்போம் என்கிற 'சரிம்மா'.

சூசையிடம் திரும்பினேன். "சேலைக்குள்ள மறைச்சேன்னு சொன்னீங்களா?"

"பிள்ளைங்களுக்குக் கதை சொல்றப்போ கொஞ்சம் சேர்த்துச் சொல்றதுதான்…"

"சேர்க்கறதுக்கு உங்க பங்குல ஒண்ணும் இல்லையா? முறுக்கை மாத்தி மாத்திச் சுத்தினீங்களே, அதைச் சொல்லியிருக்கலாமே!"

ரீட்டா மாவுக் கையோடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். "அத்தே," என்றாள், "ஆ… அந்த சூப்பர்வைசர் இன்னும் இருக்காரா?"

அவள் ஒருத்திதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

ஒன்பது வருஷ மௌனம்

இருந்தார். எங்கே இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியும். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த ஃபேக்டரி மூடின பிறகு மாதப்பண்ணன் என்னிடம்தான் வேலை கேட்டு வந்தார். கொடுத்தேன். ஒன்பது வருஷம் என் கம்பெனியில் சரக்குப் பார்த்துப் பிரிக்கிற வேலை செய்தார். கண் மங்கின பிறகுதான் நின்றார். அந்த ஒன்பது வருஷத்தில் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டால் நான் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. நான் கொடுக்கிற சம்பளம் ஒவ்வொரு மாதமும் அவரைக் கேட்கும் என்று நினைத்தேன். சம்பளம் எங்கே கேட்கும்? அந்த மௌனத்தில்தான் பொய் என் வீட்டு ஹால் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. அது என் தப்பு.

மரத்தை மொட்டையாக்கின மறுநாள் ரீட்டா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனாள். ஹெப்பாளில் கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி ஒரு சந்து. மகள் வீட்டில் இருந்தார் மாதப்பண்ணன். வெயிலில் நாற்காலி போட்டு, கண் ஆபரேஷன் செய்த கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்கம்மிணி. ஏனுங், இத்தனை தூரம்?"

"ஒரு வார்த்தை கேட்க வந்தேன். ஒன்பது வருஷம் என்கிட்ட இருந்தீங்க. ஒருநாளாவது கேட்டேனா?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"கேக்கலீங். கேட்டிருந்தாத் தேவலைன்னு தினமும் நெனைப்பேன்."

"நினைச்சா சொல்ல வேண்டியதுதானே? வாயை யாருகிட்ட அடகு வெச்சிருந்தீங்க?"

"அந்த மாசந்தான் அம்மிணி, என்னைய பர்மனென்ட் பண்றதுக்கு லிஸ்ட் போயிருந்துச்சு. முதலாளியக் கேக்காம நாரைக் குடுத்தேன்னு தெரிஞ்சா என் பேரை அடிச்சிருப்பாங்க. ஒரு நிமிசம் பயந்துட்டேன். இங்கயே சொல்றேன், தப்பு என்னுதுதான். மன்னிச்சுருங்க."

"இங்க சொல்லி யாருக்குப் பிரயோஜனம்? இங்க இருக்கறது நீங்க, நான், இவ. மூணு பேருக்கும் தெரியும். தெரியாதவங்க முன்னாடி வந்து சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை என் வீட்டுல சாப்பாடு."

அவர் மகள் உள்ளேயிருந்து வந்தார். "இந்த வயசுல எங்கப்பாவைக் கூட்டம் கூட்டி நிக்க வைக்கணுமா? உங்களுக்கு இப்ப என்ன குறைச்சல்?" என்றார்.

"என் வயசு என்னம்மா, பதினெட்டா? நான் அன்னிக்கு ஐம்பது பேர் முன்னாடி நின்னேன்" என்றேன்.

மாதப்பண்ணன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரீட்டா வண்டியை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை

ஒரு வாரம் மரம் மொட்டையாக நின்றது. பால்காரர் கேட்டார், கோயில் அன்பியக் குழுவிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். "அதுக்கு ஒரு வழக்கு இருக்கு" என்றேன்.

ஜெரோமிடம் அந்த நாலு பேரையும் மறுபடி கூப்பிடச் சொன்னேன். சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருக்க வேண்டும். பிரியாணி என்றதும் வந்துவிட்டார்கள். மொட்டை மரத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் ஜெரோமைப் பார்த்தாள். ஜெரோம் தரையைப் பார்த்தான்.

பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. "அவரு வரமாட்டாரும்மா, விடு. எல்லாருக்கும் பசிக்குது" என்றான் ஜெரோம். இன்றைக்கு அவர் வராவிட்டால், நான் செத்த பிறகும் இந்த வீட்டில் ஒவ்வொரு டிசம்பரிலும் இந்த மரத்தைக் காட்டி அதே கதையைத்தான் சொல்வார்கள். சிரிப்பார்கள்.

வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. ரீட்டா ஓடினாள். மாதப்பண்ணன் மகள் வரவில்லை. தனியாக, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் குச்சியும் ஒரு கையில் சாத்துக்குடிப் பையுமாக இறங்கினார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "மரம் எங்கீங்?" என்றார். செய்து முடித்துக் காட்டச் சொன்ன மனிதர். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பக்கத்தில் வருகிறார். ரீட்டா அவர் கையைப் பிடித்து மரத்தின் மேல் வைத்தாள். ஒவ்வொரு கிளையாகத் தடவினார். "முறுக்கு நல்லா விழுந்திருக்கு" என்றார். பின்பக்க ஓட்டையில் விரல் போனது, நின்றது, மேலே ஏறியது. உச்சிக் கொண்டைக்கு வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் நூலை எண்ணியது.

"ஏழு சுத்து, ரெண்டு முடிச்சு" என்றார். "இது என் கட்டு."

பிறகு எல்லோரும் இருந்த பக்கம் திரும்பினார்.

"செவப்பு நூலு என் டிராயர்லதான் இருக்கும். வேற யாரும் தொட முடியாது. நாலு கட்டையும் நான்தான் கட்டிக் குடுத்தேன். இந்தம்மிணி எடுக்கலை" என்றார். வாய்க்குள்ளேயே சொன்னார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"சத்தமா சொல்லுங்கண்ணா. அன்னிக்கு நீங்க சொன்னது வரிசையோட கடைசி வரைக்கும் கேட்டுச்சு."

அவர் நிமிர்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். அன்றைக்குச் சொன்ன அதே கன்னடத்தில், "நானே கொட்டிது!" என்றார். நான்தான் கொடுத்தேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தேன்.

அந்தப் பெண் எழுந்து என்னிடம் வந்து, "சாரி ஆன்ட்டி" என்றாள். நீ என்ன செய்வாய், உனக்குச் சொன்னதை நீ கேட்டாய் என்றேன். ஜெரோம் இந்த முறை 'சரிம்மா'கூடச் சொல்லவில்லை. உள்ளே போய், நான் கழற்றி வைத்த பந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சுட்டீங்களா அம்மிணி?" என்று கேட்டார் மாதப்பண்ணன்.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷ பயம் என்றார் அவர். அந்த ஒரு நிமிஷத்தைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருஷம் நடந்தவள் நான்.

பீரோவைத் திறந்து சிவப்புப் பந்தை எடுத்து வந்தேன். மூன்றாவது வரிசையில், போன ஞாயிற்றுக்கிழமை விட்ட அதே கிளையில் மாட்டினேன். பிறகு மரத்தை ஒரு சுற்றுத் திருப்பினேன். கிளை இல்லாத பக்கம் ஹாலைப் பார்த்து வரும்படி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன்.

"போடுங்க லைட்டை" என்றேன் வீட்டுக்காரரிடம்.

சூசை சுவிட்சைப் போட்டார். பாதி பல்பு எரியவில்லை. ஒரு வாரமாக உட்கார்ந்து சிக்கல் எடுத்த லட்சணம் அது.